காரில் போய்த் தங்க எந்த விளக்கு வாங்கலாம்?

போன ஐப்பசியில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில் கூடாரம் போட்டிருந்தோம். நான்கு பேர், ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார். மாலையில் நல்ல மழை ஒன்று அடித்து ஓய்ந்தது. இருட்டியதும் வீட்டிலிருந்து கொண்டுபோன எமர்ஜென்சி லைட்டை டிக்கிக் கதவில் மாட்டிவிட்டு, அதன் அடியிலேயே சாப்பிட உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எங்கிருந்தோ ஈசல் கிளம்பி வந்து விளக்கை மொய்த்துவிட்டது. சோற்றில் இறகு, குழம்பில் இறகு, சின்னவளின் தலைமுடியெல்லாம் இறகு. பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். "அந்த லைட்ட எடுத்துட்டுப் போய் அந்தப் பாறை மேல வச்சுடுங்க தம்பி. பூராவும் அங்க போயிடும்" என்றார். அப்படியே செய்தோம். முப்பது அடி தள்ளியிருந்த பாறைமேல் ஈசல் கூட்டம் குடியேறியது. நாங்கள் ஒரு ஹெட் டார்ச்சை மங்கலாக வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தோம்.

நடந்துபோய்த் தங்குகிறவர்கள் ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பார்த்து எடுத்துப் போவார்கள். காரில் போகும் நமக்கு அந்தக் கவலை இல்லை. அதனாலேயே கடையில் இருப்பதிலேயே பெரிய விளக்காகப் பார்த்து வாங்கத் தோன்றும். ஏழெட்டு முறை போய்வந்த பிறகு என் முடிவு வேறு. ஒரு பெரிய விளக்குக்குப் பதில், மஞ்சள் ஒளி தரும் சின்ன விளக்குகள் மூன்று நான்கு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கேபிளால் சார்ஜ் செய்ய முடிய வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கடையில் கிடைக்கும் ஒவ்வொன்றையும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் எவ்வளவு வெளிச்சம் தேவை என்ற கேள்வி. விளக்கு தரும் மொத்த ஒளியை லூமன் கணக்கில் சொல்வார்கள். பெட்டிமேல் 1000 லூமன், 2000 லூமன் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நான்கு பேர் தூங்கும் கூடாரத்துக்குள் 50 லூமன் இருந்தால் போர்வையைத் தேடி எடுக்கலாம், 100 இருந்தால் புத்தகம் படிக்கலாம். அடுப்படிக்கு 200 முதல் 300 போதும். சுற்றி உட்கார்ந்து பேசுவதற்கு அதைவிடக் குறைவாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. பளீரென்ற விளக்கை ஒரு முறை நேராகப் பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். விளக்கு வட்டத்துக்கு வெளியே இருப்பது எல்லாம் கறுப்புச் சுவராகத் தெரியும். யார் வருகிறார்கள், என்ன அசைகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது காட்டோரத்தில் நல்லதில்லை.

ஒரே ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஹெட் டார்ச்சை வாங்குங்கள். மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்வார்களே, அதேதான். இரண்டு கையும் சும்மா இருக்கும். கூடாரத்து முளை அடிக்க, வெங்காயம் நறுக்க, பஞ்சரான டயரைக் கழற்ற, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கப் போக, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். கைபேசியின் டார்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டவ் பற்றவைக்கப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அதோடு, அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட வேண்டிய போனை விளக்காக எரித்துத் தீர்ப்பதும் சரியில்லை.

ஹெட் டார்ச் வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று. மிகக் குறைந்த ஒளி நிலை ஒன்று வேண்டும், ஐந்து பத்து லூமன் அளவில். நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது பேசுகிறவர் முகத்தைத்தானே பார்ப்போம், அப்போது 400 லூமன் எதிராளியின் கண்ணில் அடிக்கும். அடுத்து, சிவப்பு விளக்கு. மங்கலான சிவப்பு ஒளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது. நடுராத்திரியில் எழுந்து போகும்போது மற்றவர்கள் விழிக்கவும் மாட்டார்கள். அந்தச் சிவப்பை வெள்ளை வழியாகச் சுற்றிப் போகாமல் நேராகப் போட முடிகிறதா என்று கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். மூன்றாவது, செல். உள்ளேயே அடைத்த பேட்டரி இருந்தால் வண்டியிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம். கழற்றி மாட்டும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் போட்டது இன்னும் நல்லது, ஏனென்றால் மாற்றுச் செல் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். மூன்று சின்ன பென்சில் செல் போடுவது விலை குறைவுதான். ஆனால் மாதக்கணக்கில் செல்லை உள்ளேயே விட்டுவிட்டால் அது கசிந்து முனைகளை அரித்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு டார்ச் அப்படித்தான் போயின.

ஆளுக்கொன்று வாங்குங்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து. 500 ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். தலையில் தன்னுடைய விளக்கு இருக்கிறது என்றால் குழந்தைக்கு இருட்டுப் பயம் பாதி போய்விடுகிறது, இதை நான் இரண்டு பிள்ளைகளிடமும் பார்த்தேன்.

அடுத்தது லாந்தர், அதாவது நான்கு பக்கமும் ஒளி பரப்பும் எல்இடி விளக்கு. அடுப்படிக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் இதுதான் சரி. இங்கேதான் பெட்டி எழுத்தை நம்பி ஏமாறுகிறோம். "1000 லூமன், 80 மணி நேரம்" என்று இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆயிரம் லூமன் உச்ச நிலையில் வருவது, எண்பது மணி நேரம் அடிமட்ட நிலையில் வருவது. நல்ல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் எஃப்எல்1 என்ற அளவுமுறை ஒன்று உண்டு. அதில்கூட ஒளி தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரத்தைத்தான் எரியும் நேரம் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே அந்த மணிக்கணக்கின் கடைசிப் பகுதியில் உங்களுக்குக் கிடைப்பது முதல் வெளிச்சம் ஆகாது.

இதற்கு நாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இன்றைய எல்இடி விளக்குகள் சுமாராக ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகின்றன. 300 லூமன் என்றால் 3 வாட். பேட்டரியில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் மணியை லித்தியம் செல்லின் வோல்ட்டான 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட் மணி வரும். 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர்பேங்க்கில் இருப்பது 37 வாட் மணி, மின்னழுத்தம் மாற்றுவதில் போவது போகக் கையில் கிடைப்பது ஏறக்குறைய 30. சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்தரைவரை நான்கு மணி நேரம் ஒரு லாந்தரை எரித்தால் 12 வாட் மணி. அப்படியானால் ஒரு சாதாரண பவர்பேங்க் இரண்டு இரவுக்கு விளக்கு எரிக்கும். ஆனால் நான்கு கைபேசியும் அதிலேயே தொங்கினால் முதல் ராத்திரியே காலி, ஏனென்றால் 5,000 மில்லி ஆம்பியர் மணி போன் ஒன்றே 19 வாட் மணி கேட்கும். விளக்குக்குத் தனி பவர்பேங்க் ஒன்றை ஒதுக்கிவிடுவது என் பழக்கம்.

லாந்தரில் கொக்கியும் காந்தமும் இருக்கட்டும். காந்தம் காரின் இரும்புத் தகட்டில் ஒட்டும், டிக்கிக் கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. ஆகவே கொக்கிதான் அதிகம் உதவும். துணிக்கொடிக் கயிறு ஒன்றை எடுத்துப்போய் மரத்துக்கும் காருக்கும் நடுவே கட்டி, தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். கண்மட்டத்தில் வைத்த விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கூசும். வெள்ளை வேட்டி ஒன்றை டிக்கிக் கதவிலிருந்து தொங்கவிட்டு அதற்குப் பின்னால் எல்இடி லாந்தரை வைத்துப் பாருங்கள், நிழலே இல்லாத மெல்லிய வெளிச்சம் கிடைக்கும். லாந்தர் வாங்க இப்போதைக்குக் காசு இல்லை என்றால், ஐந்து லிட்டர் தண்ணீர் கேனில் ஹெட் டார்ச்சை உள்பக்கம் பார்க்கக் கட்டுங்கள். ஒளி தண்ணீருக்குள் சிதறி, கேன் முழுதும் லாந்தராகிவிடும். ஜமுனாமரத்தூரில் அன்று நாங்கள் சாப்பிட்டது இந்த வெளிச்சத்தில்தான்.

மழைக்கு ஐபிஎக்ஸ்4 என்ற குறி இருந்தால் சாரலைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். கார் இருக்கிறது, மழை வந்தால் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் நமக்கு முதலாவது போதும்.

சரி, நிறத்துக்கு வருவோம். விளக்கு வாங்குகிறவர்கள் கடைசியாகப் பார்ப்பது இது. நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்கிறார்கள். 6500 கெல்வின் என்பது நம் வீட்டு டியூப்லைட் வெள்ளை, 2700 முதல் 3000 வரை பழைய குண்டு பல்பின் மஞ்சள். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலப் பகுதி அதிகம். பெரும்பாலான பூச்சிகளின் கண்ணுக்குப் புற ஊதாவும் நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும், மஞ்சளும் சிவப்பும் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே மஞ்சள் விளக்குக்குப் பூச்சி வராது என்று சொல்ல முடியாவிட்டாலும், வருவது வெகுவாகக் குறையும். பூச்சி குறைந்தால் பூச்சியைத் தின்ன வரும் தவளையும் குறையும், தவளையைத் தேடிவரும் பாம்பும் குறையும். அந்தப் பெரியவர் சொன்ன வழியும் இதே அடிப்படைதான். வெள்ளை விளக்கைத் தூரத்தில் எரியவிட்டு, நாம் மஞ்சளின் கீழ் உட்கார்ந்துவிடுவது. இப்போது பழைய எமர்ஜென்சி லைட்டை இதற்காகவே எடுத்துப்போகிறேன்.

மலிவான வெள்ளை விளக்குகளில் இன்னொரு குறையும் உண்டு. பொருளின் உண்மை நிறம் தெரியாது. கோழி வெந்ததா, மீனில் சின்ன முள் இருக்கிறதா என்று பார்க்கும்போது எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும். நிறம் காட்டும் திறனைச் சிஆர்ஐ என்ற எண்ணால் குறிப்பார்கள். 80-க்கு மேல் இருந்தால் நல்லது, 90 கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள், வெள்ளை இரண்டும் மாற்றிக்கொள்ளும் லாந்தர்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. நான் வாங்கச் சொல்வது அதைத்தான்.

இனி சரவிளக்கு. யுஎஸ்பியில் செருகும் ஐந்து பத்து மீட்டர் எல்இடி சரம். அழகுக்காக வாங்குவது என்று முதலில் நினைத்திருந்தேன். என் மனைவி வற்புறுத்தி வாங்கியது, இப்போது அது இல்லாமல் கிளம்புவதில்லை. ஒரே புள்ளியிலிருந்து அடிக்காமல் பரவலாக ஒளி வருவதால் கண் கூசாது. கூடாரக் கயிற்றின் ஓரமாக ஓட்டிவிட்டால் இருட்டில் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். ஒரு சிக்கல் உண்டு. சரம் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர்பேங்க்குகள் எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். குறைந்த மின்சாரத்துக்கென்று தனி நிலை உள்ள பவர்பேங்க்கை வாங்கலாம், இல்லையென்றால் அதே பவர்பேங்க்கில் இன்னொரு விளக்கையும் சேர்த்துச் செருகினால் போதும்.

12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை டிக்கியில் ஒட்டி, காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இணைப்பது இன்னொரு வழி. நிறையப் பேர் கேட்பது, வண்டி பேட்டரி இறங்கிவிடாதா என்று. சின்னக் கார்களில் இருப்பது 35 ஆம்பியர் மணி அளவிலான பேட்டரி, அதாவது 420 வாட் மணி. ஆனால் இஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை ஆழமாக இறக்கக் கூடாது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது, அது சுமார் 100 வாட் மணி. 5 வாட் ஸ்ட்ரிப் நான்கு மணி நேரம் எரிந்தால் 20. பயமில்லை. ஆனால் ஹேலோஜன் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சமைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட், ஒரு மணி நேரத்திலேயே அந்தக் கால் பங்கு தீர்ந்துவிடும். பழைய பேட்டரியாக இருந்தால் காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மலைப்பாதையில் ஆள் எங்கே கிடைக்கும்?

சாக்கெட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கார்களில் சாவியை எடுத்ததும் சாக்கெட் செத்துவிடும். விளக்குக்காகச் சாவியை ஒரு திருகு திருப்பி வைத்தால் பாட்டுக் கருவியும் திரையும் சேர்ந்து உயிர்பெறும், விளக்கைவிட அவை தின்னும் மின்சாரம் அதிகம். அதனால் நான் ராத்திரியில் வண்டி பேட்டரியைத் தொடுவதே இல்லை. பகலில் ஓட்டும்போது சாக்கெட்டில் சார்ஜரைச் செருகி, விளக்குகளையும் பவர்பேங்க்கையும் நிரப்பிக்கொள்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் தூரம் போதாது, ஆனால் மூன்று நான்கு மணி நேரப் பயணம் என்றால் தாராளம். காருடைய பெரிய லாபமே இதுதான்.

சார்ஜ் செய்யும்போது ஒரு விசித்திரத்தைச் சந்திப்பீர்கள். டைப்-சி துளை உள்ள மலிவு விளக்குகள் சில, இரண்டு முனையும் டைப்-சியான கேபிளில் சார்ஜே ஏறாது. விளக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உள்ளே இருக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டரைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டதால் வரும் கோளாறு அது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளில் ஏறும். அப்படி ஒன்றைக் காரிலேயே போட்டுவையுங்கள்.

வீட்டில் கிடக்கும் எமர்ஜென்சி லைட்டே போதாதா என்றால், மின்வெட்டுக் காலத்தில் வாங்கியதெல்லாம் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரி. கனம் அதிகம். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கொள்ளளவு போய்விடும். வீட்டில் இரண்டு மணி நேரம் எரித்துச் சோதிக்காமல் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சூரிய ஒளி லாந்தரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதன் தலையில் இருக்கும் உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலில் ஒரு வாட் தந்தாலே அதிகம். நாள் முழுதும் வைத்தால் நான்கைந்து வாட் மணி. மரநிழலில் அதுவும் கிடைக்காது. கார் இல்லாதவருக்கு அது வரம், நமக்குத் தேவையில்லை. பவர் ஸ்டேஷன் என்று விற்கும் பெரிய பேட்டரிப் பெட்டியும் அப்படித்தான், மின்விசிறியோ குளிர்பெட்டியோ ஓட்ட வேண்டுமானால் வாங்கலாம். வெறும் விளக்குக்காக இருபதாயிரம் ரூபாய் செலவழிப்பதில் பொருளில்லை.

பெட்ரோமாக்ஸ், கேஸ் லாந்தர், அரிக்கேன் விளக்கு, இவற்றின்மேல் எனக்கும் பாசம் உண்டு. கோயில் திருவிழாவில் தலையில் சுமந்து வந்த அந்த விளக்கின் இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம். மூடிய கூடாரத்திலும் காரிலும் அவை விடும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். மாசியிலிருந்து வைகாசிவரை மலைப்புல் எல்லாம் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் சிக்கி எத்தனை உயிர் போயிற்று என்பதை மறந்துவிடக் கூடாது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்குவதே தவறு. தனியார் நிலமாக இருந்தாலும் காட்டோரத்தில் எரியும் திரி வேண்டாம்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றை நான் சேர்ப்பேன்: சின்னப் புற ஊதா டார்ச். சில நூறு ரூபாய்தான். தேள் உடம்பு அந்த ஒளியில் பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். நம் பக்கத்துச் செந்தேள் குழந்தைகளுக்கு உயிராபத்து. கூடாரம் போடும் இடத்தையும், அடுக்கிய கல்லையும், செருப்பையும் இருட்டியபின் ஒரு சுற்று பார்த்துவிட்டால் மனம் நிம்மதியாகிறது. கண்ணில் மட்டும் அடிக்கக் கூடாது, ஆகவே அதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.

ஆக, நான்கு பேர் குடும்பம் ஒன்று புதிதாகத் தொடங்குகிறது என்றால் வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதல் பயணத்துக்கு ஹெட் டார்ச் நான்கு, தண்ணீர் கேன் ஒன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அது பிடித்துப்போய் மறுபடி கிளம்பினால், நிறம் மாற்றும் லாந்தர் ஒன்றும் விளக்குக்கென்று 10,000 பவர்பேங்க் ஒன்றும். மூன்றாம் முறை சரவிளக்கு, புற ஊதா டார்ச். 12 வோல்ட் ஸ்ட்ரிப், மாதம் ஒரு முறையாவது கிளம்புகிறவர்களுக்கு மட்டும். இருவராகப் போகிறவர்களுக்கு லாந்தரே தேவைப்படாமல் போகலாம், இரண்டு ஹெட் டார்ச்சும் ஒரு சரமும் வைத்தே சமாளித்துவிடலாம்.

வாங்கியதை வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூடு லித்தியம் செல்லின் ஆயுளைத் தின்றுவிடும். இருக்கைக்கு அடியில் துணி சுற்றி வையுங்கள். வீடு திரும்பியதும் பாதி சார்ஜில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த முறை கிளம்புவதற்கு முந்தைய இரவு முழுதாக ஏற்றுங்கள். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கும் அளவுக்கு இருட்டான மலை அந்த ஜவ்வாது மலை. அங்கே பத்து மணிக்கு மேல் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்தால், அரை மணி நேரத்தில் பிள்ளைகள் நட்சத்திரம் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.